கல்லறைகளை எண்ணிய அரசாங்க அதிபர்

குருநகர்க் கரையோரமாக மேற்கே நடந்தால் அரை மணி நேரத்துக்குள் யாழ்ப்பாணக் கோட்டையின் அகழியை அடைந்துவிடலாம். கரையூர் என்ற பழைய பெயரால் முதியவர்கள் இன்றும் அழைக்கும் இந்தக் கடற்றொழிலாளர் ஊருக்கும் அந்தக் கோட்டைக்கும் நானூறு ஆண்டுகால அயல் உறவு உண்டு. அது இனிமையான உறவன்று. கோட்டைக்குள் யார் இருந்தார்களோ அவர்களுடைய பீரங்கி எந்தத் திசையை நோக்கியது என்பதைப் பொறுத்தே குருநகரின் அன்றைய பொழுது அமைந்தது.

ஒரு வரலாற்றுச் சின்னத்தைக் காவல் காப்பவரும் அதன் வரலாற்றை எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்க முடியுமா? அமெரிக்காவில் அப்படியொரு உத்தியோகம் இருக்கிறது. அங்கே பழைய போர்க்களங்களைத் தேசியப் பூங்காக்களாக வைத்துப் பராமரிக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் காவலர்கள் உண்டு; அவர்களிற் சிலர் வரலாற்றாசிரியர்கள். எட் பெயர்ஸ் என்பவர் இவர்களில் மிகப் பெயர் பெற்றவர். இரண்டாம் உலகப் போரில் படுகாயமடைந்து திரும்பிய அவர் 1955இல் விக்ஸ்பேர்க் போர்க்களப் பூங்காவில் வரலாற்றாசிரியராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே, 1862இல் யாசூ ஆற்றில் மூழ்கிப்போன 'கெய்ரோ' என்ற போர்க் கப்பல் கிடந்த இடத்தை நண்பர்களோடு தேடிக் கண்டுபிடித்தார். 1981 முதல் 1994 வரை தேசியப் பூங்காச் சேவையின் தலைமை வரலாற்றாசிரியராக இருந்தார். ஓய்வுபெற்ற பின்னும் போர்க்களங்களுக்கு மக்களை அழைத்துச் சென்று, யார் எங்கே நின்றார்கள், எங்கே விழுந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே நடந்தார். 2020இல், 97ஆவது வயதில் காலமானார்.

நம்முடைய நாட்டில் காவலர் வேறு, வரலாற்றாசிரியர் வேறு. காவலர் தொல்லியல் திணைக்களத்தின் கடைநிலை ஊழியர். மதிலில் ஏறாதே என்று பிள்ளைகளை விரட்டுவதோடு அவர் கடமை முடிகிறது. வரலாற்றாசிரியர் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். கோட்டைக்கு எப்போதாவது மாணவர்களோடு வருவார். இவ்விரு வேலைகளையும் ஒரு காலத்தில் ஒருவர் சேர்த்துச் செய்தார். அவருடைய உத்தியோகம் இரண்டுமல்ல என்பதுதான் விசித்திரம். அவர் வரி வசூலிக்க வந்தவர்.

ஜோன் பென்றி லூயிஸ் 1854இல் பிறந்தவர். 1877இல் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்தார். அதே ஆண்டில்தான் லியோபோல்ட் லூடோவிசி என்பவர் இலங்கையிலுள்ள ஒல்லாந்தத் தேவாலயங்களின் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 'லப்பிடேரியம் செய்லானிக்கம்' என்ற நூலை வெளியிட்டார். பின்னாளில் அந்த வேலையைப் பன்மடங்கு விரித்துச் செய்யப் போகிறவர் அப்போது இருபத்துமூன்று வயது இளைஞர்.

அவருடைய முதல் அக்கறை கற்களன்று, சொற்கள். 1884இல் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரை சூடு மிதிக்கும் களத்தின் மொழியைப் பற்றியது. நெற்களத்தில் அன்றாடச் சொற்களைத் தவிர்த்துவிட்டு அதற்கென்றே உரிய தனிச் சொற்களைப் புழங்குவது நம் விவசாயிகளின் மரபு. நெல்லைக் 'குறைந்தது' என்று சொல்லிவிடக் கூடாது. 'பொலி, பொலி' என்றுதான் குரல் எழ வேண்டும். சிங்கள, தமிழ், முஸ்லிம் விவசாயிகள் ஒவ்வொருவரும் களத்தில் எந்தெந்தச் சொற்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று அந்த வெள்ளைக்கார உத்தியோகத்தர் குறித்துக்கொண்டார். களத்துக்கு அவர் போனது அரசாங்கத்தின் பங்கு என்ற கண்ணோடுதான், அதில் ஐயமில்லை. ஆனால் வரிப் பதிவேட்டில் சொற்களுக்கு நிரல் கிடையாது. அந்த நிரலை அவர் தாமாகவே போட்டார்.

பிறகு வன்னி. வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளில் பணியாற்றிய அனுபவத்தில் அவர் எழுதிய வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் 1895இல் வெளிவந்தது. குளங்கள், பழைய இடிபாடுகள், ஊர்ப்பெயர்கள், வன்னியர்களின் கதை, பண்டாரவன்னியனின் எழுச்சியும் 1803இல் அவனது தோல்வியும் ஆகிய யாவும் அதில் உண்டு. பண்டாரவன்னியனைப் பற்றி நாம் நாடகம் எழுதினோம், சிலை எழுப்பினோம், மேடைகளில் முழங்கினோம். அந்தக் கதைக்கான ஆவணத் தகவல்களைத் தேடிப் போகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது அவனைத் தோற்கடித்த அரசின் உத்தியோகத்தர் ஒருவர் தொகுத்த கைந்நூலில்தான். இது நமக்கு உவப்பான செய்தியன்று, ஆனால் உண்மை.

இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தில் லூயிஸ் வட மாகாண அரசாங்க அதிபராக யாழ்ப்பாணத்தில் இருந்தார். 1829 முதல் 1867 வரை அதே பதவியிலிருந்து வடக்கின் ராஜா என்று பெயரெடுத்த டைக் துரை உருவாக்கிய பழைய பூங்காவில்தான் அதிபரின் வாசஸ்தலம். குருநகரிலிருந்து அதுவும் தூரமில்லை. 1905 ஜனவரியில் இருபத்துநான்கு வயது இளைஞர் ஒருவர் பயிற்சி உத்தியோகத்தராக லூயிஸின் கச்சேரிக்கு வந்து சேர்ந்தார். அவர்தான் பின்னாளில் எழுத்தாளராகவும் வேர்ஜீனியா வூல்ஃபின் கணவராகவும் உலகம் அறிந்த லெனார்ட் வூல்ஃப். அவர் குடியிருந்த வீடு கோட்டை மதிலின் மேலேயே இருந்தது. தமது யாழ்ப்பாண வாழ்க்கையைப் பற்றி வூல்ஃப் 1961இல் வெளியிட்ட நினைவு நூலை நம்மவர் பலர் படித்திருக்கிறார்கள். அவருடைய மேலதிகாரியின் நூலைப் புரட்டியவர்கள் மிகச் சிலர். பெயர்ப்பட்டியலுக்கு வாசகர் கிடைப்பதரிது.

அந்தக் கோட்டை என்ன கோட்டை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தே ஒலிவேரா 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை இடித்தான். கடலோரத்தில் கோட்டை எழுந்தது. 1658 ஜூனில் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர்கள் அதை இடித்து ஐங்கோண வடிவில் புதிதாகக் கட்டினார்கள். உள்ளே 1706இல் சிலுவை வடிவில் ஒரு தேவாலயத்தை எழுப்பினார்கள். (அதற்கு அடுத்த ஆண்டுதான் தேசவழமைச் சட்டம் எழுத்தில் தொகுக்கப்பட்டது.) அந்தத் தேவாலயத்தில் தொங்கிய மணி ஒல்லாந்தருடையதன்று. 1648ஆம் ஆண்டையும் அற்புத மாதாவின் பெயரையும் தாங்கிய போர்த்துக்கேய மணி அது. கத்தோலிக்கரைத் துரத்திவிட்டு அவர்களுடைய மணியை அடித்துப் புரட்டஸ்தாந்தர் பூசைக்குப் போனார்கள். கோட்டையின் வெளி அரண்கள் 1792இல்தான் பூர்த்தியாயின. மூன்றே ஆண்டுகளில், 1795 செப்டெம்பர் 28இல், பிரித்தானியரிடம் கோட்டை சண்டையின்றிச் சரணடைந்தது. இவ்வளவு செலவழித்துக் கட்டியவர்கள் ஒரு குண்டாவது சுட்டிருக்கலாமே என்று தோன்றும்.

தேவாலயத்தின் தரை முழுவதும் கல்லறைக் கற்கள். தளபதிகள், அவர்களின் மனைவியர், பிறந்து சில மாதங்களில் இறந்த குழந்தைகள். குடும்பச் சின்னங்கள் செதுக்கிய கனத்த பாளங்கள். ஒல்லாந்த மொழியில், சில இலத்தீனில், எழுத்துகள். மிதித்து மிதித்துத் தேய்ந்துகொண்டிருந்தன. இவற்றைத்தான் லூயிஸ் பிரதி செய்தார். யாழ்ப்பாணத்தில் மட்டுமல்ல, தீவு முழுவதிலும். கண்டியில் மத்திய மாகாண அதிபராக இருந்து 1910இல் ஓய்வுபெற்றார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1913இல், கொழும்பு அரசாங்க அச்சகம் அவருடைய பெருந்தொகுப்பை வெளியிட்டது. இலங்கையில் உள்ள வரலாற்றுப் பெறுமதியுடைய கல்லறை வாசகங்களின் பட்டியல் அது.

அந்த நூலின் அமைப்பைப் பத்திரிகைக்காரன் ஒருவன் பார்த்தால் மதிப்பு வைப்பான். மாகாணம் மாகாணமாக, இடம் இடமாக, இலக்கமிட்ட வரிசை. இறந்த திகதி, பெயர், கல்லில் உள்ள வாசகம். அதற்குக் கீழே, இவர் யார், எப்போது வந்தார், யாரை மணந்தார், எந்தச் சண்டையில் அல்லது எந்தக் காய்ச்சலில் போனார் என்று குறிப்பு. கல் சொல்வதை அவர் அப்படியே நம்பிவிடவில்லை. பழைய பத்திரிகைகளோடும் பதிவேடுகளோடும் ஒப்பிட்டார். கல்லிலும் புகழுரை பொய் சொல்லும் என்பதை அறிந்தவர் அவர்.

நான் யாழ்ப்பாணத்துப் பத்திரிகையொன்றில் சேர்ந்த புதிதில் எனக்குத் தரப்பட்ட வேலை மரண அறிவித்தல்களை ஒப்புநோக்குவது. நம்முடைய பத்திரிகைகளில் மக்கள் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான் என்பது வாசகர்களுக்குத் தெரியும். 'இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு மருமகனும், ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் ஆகிய இடங்களில் வசிக்கும் இன்னார் இன்னாரின் மைத்துனரும்' என்று அது நீளும். தலைப்புச் செய்தியில் எழுத்துப்பிழை வந்தால் மன்னித்துவிடுவார்கள். மருமகன் பெயரில் வந்தால் மறுநாட் காலையில் வாசலில் நிற்பார்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையின்போது பத்திரிகைத் தாள் வராமல், கோடு போட்ட பாடசாலை அப்பியாசத் தாளில் யாழ்ப்பாணப் பத்திரிகைகள் அச்சாகின. அப்போதும் மரண அறிவித்தல் நிற்கவில்லை. ஆகவே பெயர்ப்பட்டியல் வெறும் பட்டியல் என்று ஒதுக்க என்னால் முடியாது.

லூயிஸின் பட்டியலுக்கு நீண்ட தலைப்பு. அதன் வால் பகுதியில் ஒரு பின்னிணைப்பு அறிவிக்கப்படுகிறது: நினைவுக்கல் எழுப்பப்படாதவர்களின் மரணக் குறிப்புகள். கல்லை எண்ணப் போனவருக்குக் கல் இல்லாதவர்களின் நினைவு வந்திருக்கிறது. அவர்களையும் விட்டுவிடக் கூடாதென்று தேடிச் சேர்த்திருக்கிறார். நூலில் என்னை நிறுத்திய இடம் இதுதான்.

நிறுத்தியது, பிறகு யோசிக்கவும் வைத்தது. கல் இல்லாதவர்கள் என்று அவர் தேடியவர்கள் யார்? பெரும்பாலும் அவருடைய இனத்தவர்கள்தாம். சிப்பாய்களின் அதிகாரிகள், தோட்டத் துரைமார், சிவில் உத்தியோகத்தர். அந்தக் கோட்டைக்கு முருகைக்கல் அகழ்ந்தும் சுமந்தும் கொடுத்தவர்கள் அதில் இல்லை. ஒல்லாந்தர் காலத்தில் சில சாதியார்மீது 'ஊழியம்' என்ற பெயரில் கூலியில்லாத கட்டாய வேலை சுமத்தப்பட்டிருந்தது. அகழியின் ஓரத்தில் மூச்சுவிட்டவர்களின் பெயர்களை ஒருவரும் கேட்கவில்லை. இதற்காக லூயிஸைக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. அவர் ஆளும் கூட்டத்தின் மனிதர், தம் கூட்டத்தின் பிணங்களை எண்ணினார். நம் கூட்டத்தை எண்ணுவது நம்முடைய வேலையாக இருந்தது.

கோட்டைக்குள் தமிழ்க் கல்லே இல்லையா? இருந்தது, தரையில் அல்ல, கட்டடத்தில். கோட்டையில் கிடைத்த சோழர் காலத் தமிழ்ச் சாசனம் ஒன்றைப் பேராசிரியர் கா. இந்திரபாலா படித்து வெளியிட்டார். யாழ்ப்பாணத் தொல்லியற் கழகத்தின் சார்பில் அவர் பதிப்பித்த 'எபிகிராபியா தமிலிக்கா' என்ற சஞ்சிகையில் 1971இல் அது வெளிவந்தது. இராஜேந்திர சோழன் காலத்ததென்று அடையாளங் காணப்பட்ட சாசனம் அது. எங்கோ ஒரு கோவிலில் நின்ற கல், கோட்டைக் கட்டடத்தில் வெறும் கட்டுக்கல்லாகக் கிடந்திருக்கிறது. ஒல்லாந்தர் மேல்பார்த்துப் படுத்திருந்த அதே வளவுக்குள் சோழர் காலம் எழுத்தோடு மறைந்திருந்தது. லூயிஸ் காலத்திலும் அது அங்கேதான் இருந்தது.

அந்தத் தலைமுறையினர் செய்த வேலையை நாம் போதுமான அளவு பேசவில்லை. 1980 டிசம்பரில் இந்திரபாலாவின் குழுவினர் ஆனைக்கோட்டையில் பெருங்கற்காலப் புதைகுழியை அகழ்ந்து முத்திரையொன்றைக் கண்டெடுத்தார்கள். பொ. இரகுபதி குடாநாடு முழுவதும் அலைந்து ஆதிக் குடியிருப்புகளைப் பதிவு செய்தார்; அந்த ஆய்வு 1987இல் சென்னையில் நூலாயிற்று. இடையில் 1981 ஜூன் முதலாந் திகதி இரவோடிரவாகக் கோட்டைக்கு எதிரேயிருந்த யாழ்ப்பாண நூலகம் எரிந்து சாம்பராகியிருந்தது. தொண்ணூற்றேழாயிரம் நூல்கள். இரகுபதி நடந்த பல இடங்களில் அதன்பின் பல ஆண்டுகளுக்கு எவரும் நடக்க முடியவில்லை. மிதிவெடிகளும் உயர் பாதுகாப்பு வலயங்களும் வந்துவிட்டன. போர் வருவதற்குச் சற்று முன்பாக ஒருவர் ஊரைச் சுற்றிவந்து எண்ணி வைத்துவிட்டார் என்பது நம்முடைய அதிர்ஷ்டம்.

கோட்டையின் கதியும் அதுவே. 1990 ஜூனில் விடுதலைப் புலிகள் கோட்டையை முற்றுகையிட்டார்கள். உள்ளே இராணுவத்தினரும் பொலிஸாரும். நூறு நாட்களுக்கு மேல் நீடித்த முற்றுகை. செப்டெம்பர் 26இல் இராணுவம் வெளியேறியது. எறிகணையும் விமானக் குண்டுமாகச் சுற்றாடல் முழுவதும் சிதைந்தது. 1706இன் தேவாலயம் இடிந்து விழுந்தது. கோட்டைக் கற்கள் பலவும் அகற்றப்பட்டு வெளியே போயின. வெறுப்பு நிறைந்த கற்கள்தாமே, போகட்டும் என்ற மனநிலை அன்று ஊரில் இருந்தது. முகாமிலிருந்து எறிகணை வாங்கியவர்களிடம் கட்டடக்கலை பேச முடியாது. 2009இல் போர் முடிந்த பின் நெதர்லாந்து அரசின் உதவியோடு மதில்கள் செப்பனிடப்பட்டன. தேவாலயம் பழையபடி எழவில்லை. அதன் தரையில் என்ன எழுதியிருந்தது, யார் கிடந்தார்கள் என்று கேட்பவர் இன்று திறக்க வேண்டியது லூயிஸின் 1913ஆம் ஆண்டு நூலைத்தான்.

கோட்டையின் அடியிலும் சங்கதி இருந்தது. பேராசிரியர் ப. புஷ்பரட்ணமும், பின்னர் டேர்ஹாம் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் றொபின் கொனிங்ஹாமின் குழுவினரும் உள்ளே அகழ்ந்தபோது போர்த்துக்கேயருக்கு மிக முற்பட்ட குடியிருப்பின் தடயங்கள் வெளிப்பட்டன. இந்துசமுத்திர வாணிபத்தோடு வந்த மட்பாண்ட ஓடுகள், சீனப் பாண்டத் துண்டுகள். ஐரோப்பியர் வந்து கடலோரத்தைக் கண்டுபிடித்தார்கள் என்ற பாடப்புத்தகக் கதைக்கு அந்த ஓடுகள் பதில் சொல்கின்றன. அந்தத் துறையில் கப்பல்களைக் கரைசேர்த்தவர்கள் இந்தக் கரையோரத்து மக்கள் அல்லாமல் வேறு யார்?

இனிக் குருநகருக்கு வருவோம். 1986 ஜூன் 10ஆம் திகதி மண்டைதீவுக் கடலில் தொழிலுக்குப் போன குருநகர்த் தொழிலாளர் முப்பத்தொருவர் கொல்லப்பட்டார்கள். 1993 நவம்பர் 13ஆம் திகதி புனித யாகப்பர் ஆலயத்தின்மீது விமானக் குண்டு விழுந்தது. ஆலயம் சிதைந்தது, பலர் மாண்டார்கள். இவ்விரு நாட்களும் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகின்றன. அவை ஊரின் மனத்தில் பதிந்த நாட்கள். ஆனால் இவற்றுக்கு வெளியே, தனித்தனியாக, ஒருவர் இருவராகக் கடலில் போனவர்கள் உண்டு. கடற்தடைக் காலத்தில் இரவில் வலை வீசப் போய்த் திரும்பாதவர்கள், புயலில் அள்ளுண்டவர்கள், இடம்பெயர்ந்த இடத்தில் புதைக்கப்பட்டவர்கள். கடலில் போனவனுக்குக் கல் வைக்க இடமில்லை. இவர்கள் லூயிஸின் அந்தப் பின்னிணைப்பைச் சேர்ந்தவர்கள்.

ஆலயங்களின் ஞானஸ்நான, மரணப் பதிவேடுகள் ஒரு பகுதி பேசும். பழைய பத்திரிகைகளின் மரண அறிவித்தற் பக்கங்கள் இன்னொரு பகுதி பேசும். அவற்றிற் பல நூலக நிறுவனத்தின் மின்னூலகத்தில் இன்று யாரும் பார்க்கக் கிடைக்கின்றன. மிகுதி குருநகரில் பிறந்து நோர்வேயிலும் பிரான்சிலும் கனடாவிலும் இருக்கும் முதியவர்களின் நினைவில் உள்ளது. அந்த முதியவர்கள் இப்போது எழுபதையும் எண்பதையும் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுச் சுவரில் மாலையிட்டுத் தொங்கும் படத்தின் பின்புறத்தில் பெயரையும் திகதியையும் இன்றே எழுதிவிடுங்கள். பேரப்பிள்ளைக்கு அந்த முகம் யாரென்று தெரியாத நாள் தூரத்தில் இல்லை.

லூயிஸ் 1923இல் காலமானார். அவர் போட்ட நிரல்கள் ஐந்தோ ஆறோதான்: இலக்கம், இடம், பெயர், இறந்த நாள், வாசகம், குறிப்பு. குருநகர்ப் பட்டியலுக்கு வாசகம் என்ற நிரல் வெறுமையாக இருக்கும். அதற்குப் பதிலாக, எந்தத் தொழில், யாருடைய வள்ளம், எந்தக் கடல் என்று மூன்று நிரல்கள் சேர்க்க வேண்டியிருக்கும்.